கல்லில் நார் உரித்தல்

கல்லில் நார் உரிப்பது என்றொரு வழக்கு நம் மொழியில் உண்டு. நடவாத காரியத்தைச் சொல்லவும், ஈயாத உலோபியிடம் கையேந்துவதைச் சொல்லவும் அதனை எடுத்தாளுகிறோம். கல்லில் ஒன்றும் இல்லை, கல்லிலிருந்து ஒன்றும் வராது என்பதே அதன் உட்பொருள். ஆனால் இலங்கையின் வறண்ட பகுதிகளில், மணற்பாங்கான நிலத்திலும் பாறை இடுக்குகளிலும், மருள் என்றொரு செடி முளைக்கிறது. வாள்போல் நிமிர்ந்த, வரி வரியாக வெளிறிய கோடுகள் ஓடும் இலை. அந்த இலையைச் சீவினால் வெண்மையான, உறுதியான நார் வரும். வில்லுக்கு நாண் திரித்த காலத்தில் மருள் இனத்து நாருக்கு இருந்த மதிப்புப் பெரிது. நம் முன்னோர் கல்லில் நார் உரித்தே வாழ்ந்தார்கள் என்பதுதான் உண்மை, பழமொழி தோற்றது. தறியோடும் நூலோடும் வாழ்ந்து பெயர் பெற்ற மருதமுனை மக்கள் இதை அறிந்தால் மகிழ்வார்கள் என்று நம்புகிறோம்.

இன்றும் சிலர் கல்லில் நார் உரிக்கிறார்கள். ஆனால் அவர்கள் உரிப்பது வேறு நார். அதைப் பற்றிச் சொல்லத்தான் இக்கட்டுரையை எழுதுகிறோம்.

மருதமுனையிலும், கல்முனையிலும், சாய்ந்தமருதிலும், நிந்தவூரிலும் பாறை இல்லை. கிழக்கே கடலும் மணலும், மேற்கே வயல்வட்டைகள். ஐந்திணையில் நெய்தலும் மருதமும் நமக்கு வாய்த்தன. குறிஞ்சி தொலைவிலே மேற்கு வானில் ஒரு நீலக்கோடாக நிற்கிறது. அந்தக் கோட்டை நெருங்கிச் சென்றால் அது பல துண்டுகளாகப் பிரியும். இங்கினியாகலக் குன்றுகள், உகணைக்கு அப்பால் இராஜகல, சியம்பலாண்டுவைப் பக்கத்தில் கோவிந்தஹெல, தெற்கே கடலோரமாகச் சங்கமன்கண்டி, பாணமைக்கு அப்பால் உகந்தை மலை. சமவெளியில் திடீரென எழுந்து நிற்கும் தனிக்கற்கள் இவை. கப்பலில் வந்த ஆங்கிலேயன் இவற்றை அடையாளக் கற்களாகக் கொண்டு, ஒன்றுக்குத் தன் நாட்டுத் துறவியின் தலையணியின் பெயரையும், கோவிந்தஹெலவுக்குத் தன் தலைநகரத் தேவாலயமாகிய வெஸ்ட்மினிஸ்டர் அபேயின் பெயரையும் இட்டான். அவன் படத்திலே அந்தப் பெயர்கள் இன்னும் இருக்கின்றன. கரையோர மக்களாகிய நாமோ அக்கற்களுக்குப் பெயர் வைப்பதையே விட்டுவிட்டோம். அவை நம்மிடம் வரும்போது அவற்றுக்கு ஒரே பெயர்தான்: சல்லி. டிப்பர்க் கணக்கில் வரும், கியூப் கணக்கில் விற்கும்.

அந்தக் கல் என்ன என்பதை முதலில் பார்ப்போம். நம் மாவட்டத்தின் அடியிலுள்ள பாறைத்தொகுதியைப் புவியியலாளர் விஜயன் தொகுதி என்பர். ஏறத்தாழ நூறு கோடி ஆண்டுகளுக்கு முன், பூமியின் ஆழத்தில் வெந்து உருவான கல் அது. மேலிருந்த மண்ணும் மென்பாறையும் கோடிக்கணக்கான மழைக்காலங்களில் கரைந்தோட, கரையாதது மட்டும் வெளியே தலை நீட்டிற்று. அதன் மேனியின் கருமை கல்லின் நிறமன்று. நுண்ணிய நீலப்பசும் பாசிகளும் கற்பாசிகளும் போர்த்திய போர்வையே அக்கருமை. உடைத்த கல்லின் உட்புறத்தையும் மழையில் நனைந்து கிடக்கும் வெளிப்புறத்தையும் ஒருமுறை ஒப்பிட்டுப் பார்த்தவர்க்கு இது விளங்கும். ‘வெறுங்கல்’ என்று நாம் சொல்லும் இடத்திலேயே உயிர் தொடங்கிவிடுகிறது.

அதற்கு மேல் ஒரு முழு உலகமே உண்டு. வெப்பவலயப் பாறையின் மேற்பரப்பு நண்பகலில் அறுபது பாகை செல்சியஸுக்கு மேலும் கொதிப்பதுண்டு. நம் பகுதியிலே மாரி முடிந்து கச்சான் வீசத் தொடங்கினால் பல மாதங்களுக்கு அங்கே ஈரமே இராது. இந்த அடுப்பின்மேல் வாழக் கற்ற செடிகள் சிலவே. அவை வேறெங்கும் எளிதில் வாழா. சில புற்களும் பன்னங்களும் காய்ந்து சருகாகிச் செத்தவைபோல் கிடந்து, முதல் மழையில் சில மணி நேரத்தில் பச்சையாகும். மருளும் கள்ளியினங்களும் பகலில் வாய் மூடி, இரவில் மட்டும் மூச்சு வாங்கி நீரைச் சேமிக்கும். பாறையிலிருந்து நீர் கசிந்தோடும் ஈரவிளிம்பிலே, மழை நின்ற பின் சில கிழமைகள் மட்டும் சிறு கோரைகளும், கையளவு உயரமில்லாத பூச்செடிகளும் ஆட்சி செய்யும். தென்னிந்திய, இலங்கைப் பாறைகளின் இத்தகைய கசிவிடங்களிலேதான் பூச்சியைப் பிடித்துண்ணும் அழுகண்ணியும் வாழ்கிறது. மண்ணில் இல்லாத சத்தை ஈயிடமும் எறும்பிடமும் வாங்கிக்கொள்ளும் ஏழை அது! பாறைக் குழிகளில் நிற்கும் சுனைநீரில் கொட்டியும் அல்லியும். இடுக்குகளில் வேரை நூறடிக்கு ஓடவிட்டுக் கல்லைப் பிடித்து நிற்கும் ஆலின் இனத்து மரங்கள், கிளுவை, சதுரக்கள்ளி. அடிவாரத்தில், பாறை வழித்துவிட்ட மழைநீர் முழுவதையும் வாங்கிக்கொண்டு செழித்து நிற்கும் பாலையும் வீரையும். கோடையில் காடெல்லாம் வெளிறிக் கிடக்கையில் பாறையைச் சுற்றி மட்டும் ஒரு பச்சை வளையம் தெரிவது இதனால்தான். மாடு மேய்க்கும் பட்டிக்காரனுக்கு இது தெரியும். பழைய பரிகாரிமாருக்கும் தெரிந்திருந்தது. இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன் இராஜகலவிலே குகையின் நெற்றியில் நீர்வடி விளிம்பு வெட்டி, பிராமி எழுத்துப் பொறித்து வாழ்ந்த துறவிகளுக்கும் தெரியும். தெரியாதது கச்சேரிக்கு மட்டுமே.

தெரியாமற் போனது தற்செயலா? அல்ல. 1840 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்க முடிக்குரிய காணிகள் சட்டத்தை நினைவுகூர வேண்டுகிறோம். காடும், தரிசும், குடியிருப்பற்றதும், பயிரிடப்படாததும் எதிரான சான்று காட்டப்படாதவரை முடிக்கே உரியவை என்று அது விதித்தது. 1897 இல் தரிசுநிலச் சட்டமென்று இன்னொன்றும் வந்தது. கோப்பித் தோட்டக்காரனுக்கும் தேயிலைத் தோட்டக்காரனுக்கும் நிலம் தேடித் தந்த சட்டங்கள் இவை என்று நம் வரலாற்றாசிரியர்கள் போதுமான அளவு எழுதியிருக்கிறார்கள். அவர்கள் எழுதாத ஒன்றுண்டு. விளைச்சல் தராத நிலமெல்லாம் வீண்நிலம் என்ற எண்ணத்தையும் அச்சட்டங்கள் நம் மூளையிலே ஊன்றிவிட்டன. வெள்ளையன் போய்ப் பல பதிற்றாண்டுகள் கழிந்தன. தரிசு என்ற சொல் போகவில்லை. காட்டைப் பற்றிப் பேசவாவது இன்று ஆளிருக்கிறது. பாறையோ எல்லாத் தரிசிலும் கடைத்தரமான தரிசாகக் கணக்கிலே கிடக்கிறது. கேட்பாரற்ற பொருளை எடுப்பவன் கள்வனாகான் அல்லவா?

எடுத்தார்கள். 2004 திசம்பர் 26 இல் கடல் நம் ஊர்களை வாரிக்கொண்டு போனபின், இடிந்தவை அனைத்தும் மறுபடி எழுப்பப்பட வேண்டியிருந்தது. கிழக்கிலே கரையிலிருந்து இருநூறு மீற்றருக்குள் கட்டக்கூடாது என்று முதலில் ஓர் எல்லை விதித்தார்கள். பின்னர் அது சுருங்கிற்று. வீடு, பள்ளிக்கூடம், பள்ளிவாசல், பாலம், வீதி என எல்லாவற்றுக்கும் அத்திவாரக்கல் மேற்கிலிருந்தே வந்தது. வந்தது தவறென்று எவரும் சொல்லார். கூடாரத்திலே இருந்தவனிடம் சென்று பாறைச்செடியின் பெருமை பேசுவது மனிதத்தன்மையாகாது. ஆனால் வீடுகள் எழுந்தபின்னும் வெடி நிற்கவில்லையே, அது எதனால்? 2013 இல் திறந்துவைக்கப்பட்ட ஒலுவில் துறைமுகத்தைப் பாருங்கள். அலையைத் தடுக்க நீண்ட கற்சுவர்களைக் கடலுக்குள் இட்டார்கள். கரையோரமாக வடக்கே நகரும் மணல் அச்சுவரிலே தடைப்பட, ஒலுவிலும் நிந்தவூரும் தென்னையையும் காணியையும் கடலுக்குக் கொடுத்தன. அரிப்பைத் தடுக்க மறுபடியும் கல் கொட்ட வேண்டியதாயிற்று. கல்லைக் கொட்டியதால் வந்த தீங்குக்கு மருந்தாக மேலும் கல்! துறைமுகத்துக்கு வரவேண்டிய வணிகக் கப்பல்களோ வரவில்லை. இதற்கென உடைந்த ஒவ்வொரு கல்லின் முதுகிலும் ஒரு தோட்டம் இருந்தது என்பதை எந்தத் திட்ட அறிக்கை கணக்கில் எடுத்தது?

கல்லுடைக்கும் தொழிலாளியை நாம் குறை கூறவில்லை. வெயிலிலே தூசியைத் தின்று, வெடிக்கு அஞ்சி, நாட்கூலிக்கு உழைப்பவன் அவன். குன்று தீர்ந்த அன்று முதலில் வேலையிழப்பவனும் அவனே. கொந்தராத்துக்காரன் அடுத்த குன்றுக்கு எந்திரத்தை ஏற்றிக்கொண்டு போய்விடுவான். உடைந்த குழியில் தேங்கும் நீரில் நுளம்பு பெருகுவது அவ்வூர்க் குடிசைக்கேயன்றிக் கொழும்பு மாடிக்கு அன்று.

இனிக் களைக்கு வருவோம். இங்கேதான் நம் நண்பர்கள் சிலரோடும் நாம் மோத வேண்டியிருக்கிறது.

‘அந்நியச் செடிகள் படையெடுத்து வந்து நம் மண்ணின் செடிகளை அழிக்கின்றன’ என்று சூழலியல் பேசும் நண்பர்கள் எழுதுகிறார்கள். பாதி உண்மை. கினிப்புல்லைப் பாருங்கள். ஆபிரிக்கப் புல், மாட்டுக்குத் தீவனமாகும் என்று கொண்டுவரப்பட்டது, இன்று வீதியோரம், வாய்க்கால்கரை, கைவிட்ட சேனை எங்கும் ஆளுயரத்துக்கு நிற்கிறது. உண்ணிச்செடி அமெரிக்காவைச் சேர்ந்தது. பேராதனைத் தாவரவியற் பூங்கா வழியாக 1826 இல் அழகுச்செடியாக இந்நாட்டுக்கு வந்தது. குருவிகள் அதன் கரும்பழத்தைத் தின்று ஊரெல்லாம் விதைத்தன. கரிபியன் தீவுகளைச் சேர்ந்த குளூசியா என்ற மரமும் பேராதனை வழியாகவே வந்தது. அதன் தடித்த இலையில் நகத்தால் எழுதினால் எழுத்து அழியாமல் நிற்கும்; அதனாலேயே கையெழுத்து மரமென்றும் சொல்வார்கள். கள்ளியைப்போல் இரவில் மூச்சுவிடக்கூடிய மரங்கள் உலகிலே மிகச் சில. அவற்றுள் இது ஒன்று. ஆகவே பாறை இதற்குப் பஞ்சணை. மத்திய மலைநாட்டின் பாறைகளிலே குருவி எச்சத்தில் முளைத்து, வேர்களைத் தொங்கவிட்டு, கீழுள்ள அனைத்தையும் நிழலால் மூடுகிறது. சிங்கள மக்கள் அதற்குக் கல்கொறக்கா என்றே பெயரிட்டுவிட்டார்கள். நேற்று வந்த மரத்துக்குக் கல்லின் பெயர்! ஆயினும் தோட்ட அலங்காரத்துக்கு அதனை இன்னமும் நடுகிறார்கள்.

இவ்வளவும் உண்மைதான். ஆனால் களை எப்படிப் பாறைக்கு வந்தது? வெப்பவலயத்துத் தனிப்பாறைகளைப் பல நாடுகளில் ஆராய்ந்த ஸ்டெபான் பொரெம்ப்ஸ்கி என்ற ஜெர்மன் தாவரவியலாளர் இக்கேள்வியைப் பற்றி 2000 ஆம் ஆண்டில் ஒரு கட்டுரை எழுதினார். இத்தகைய பாறைகள் களைக்கு எளிதில் இடங்கொடுப்பதில்லை என்றும், மனிதன் கைவைத்துக் குலைத்த பாறைகளிலேதான் களை கூடுதலாகத் தலையெடுக்கிறது என்றும் அவர் காட்டினார். அடுப்பின்மேல் குடியிருக்கத் தெரியாத களை தானாக அங்கே ஏறாது. ஏணி வைத்துக் கொடுப்பவர் நாமே.

ஏணி எப்படி வைக்கப்படுகிறது என்பதை எவரும் கண்ணாற் காணலாம். குன்றை உடைக்க முதலில் ஒரு பாதை வெட்டுகிறார்கள். அடிவாரத்துப் பச்சை வளையம் அதிலே அறுபடுகிறது. பாலையும் வீரையும் சாய்கின்றன. வாகனச் சில்லிலே ஒட்டிய மண்ணோடு கினிப்புல்லின் விதையும் வருகிறது. கலைந்த மண், திறந்த வெயில், பாறை வழித்துத் தரும் மழைநீர், இதைவிட அதற்கு என்ன வேண்டும்? மாரியிலே ஆளுயரம் வளர்கிறது. கச்சானிலே வைக்கோலாகக் காய்ந்து நிற்கிறது. ஒரு பீடித்துண்டோ, வேட்டைக்காரனோ, புதுப்புல் வேண்டித் தீமூட்டும் மேய்ப்பனோ போதும். முன்பு அடிவாரத்தில் எரிவதற்கு அவ்வளவு புல் இருந்ததில்லை. இடுக்கிலே நின்ற கள்ளிக்கும் ஆலினத்து மரத்துக்கும் பாறையின் வெறுமையே அரணாக இருந்தது. இப்போது தீ பாறையை நக்கிக்கொண்டு மேலேறுகிறது. நூறாண்டு மரம் கருகுகிறது. பாறைமேல் ஓர் அங்குல மண்ணைப் பல தலைமுறைகளாகச் சேர்த்துவைத்த கோரைப்பாய் வெந்து, அடுத்த மழையில் முழுப்பாயாகவே வழுகிக் கீழே விழுகிறது. கினிப்புல்லோ அடிக்கட்டையிலிருந்து பத்து நாளில் துளிர்க்கிறது. மறுவருடம் அதன் எல்லை பத்தடி மேலேறியிருக்கும். இதிலே படையெடுத்தது புல்லா, பாதை வெட்டியவனா?

மரநடுகை விழாக்களைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லாமல் இருக்க முடியவில்லை. ‘மொட்டைப் பாறையைப் பசுமையாக்குவோம்’ என்று பதாகை கட்டிக்கொண்டு, பிளாஸ்டிக் பைக் கன்றுகளோடு குன்றேறும் கூட்டத்தைக் கண்டால் நமக்குச் சிரிப்பு வருவதில்லை, அச்சமே வருகிறது. இபில் இபில், அக்கேசியா என்று விரைந்து வளரும் எதையாவது, கோரைப்பாயைத் தோண்டிக் குழி செய்து நடுகிறார்கள். படமெடுத்துக்கொண்டு இறங்குகிறார்கள். கன்று பட்டால் குழி மிஞ்சுகிறது. பிழைத்தால் அதன் நிழலும் சருகும் வெயிலை நம்பி வாழும் சிறுசெடிகளைக் கொல்கின்றன. பாறை மொட்டையாக இருப்பது நோயன்று, அதன் இயல்பு. வழுக்கைத் தலைக்கு மருந்து விற்பவர்களிடம் எச்சரிக்கையாக இருப்பதுபோல் இவர்களிடமும் இருத்தல் நன்று.

இன்னும் பெரிய ஆபத்தொன்று உண்டு. அது செடியில் இல்லை, சொல்லில் இருக்கிறது. ‘அந்நியன்’, ‘வந்தேறி’, ‘படையெடுப்பு’, ‘பெருகிப் பெருகி ஆக்கிரமித்தல்’ என்ற சொற்களைச் செடிநூலார் தாராளமாக வழங்குகிறார்கள். சார்ள்ஸ் எல்ற்றன் என்ற ஆங்கிலேய அறிஞர் படையெடுப்பு என்ற சொல்லையே தலைப்பில் வைத்து இத்துறைக்கு அடிப்படையான நூலை வெளியிட்டது 1958 இல். அதே 1958 இல் இந்நாட்டிலே என்ன நடந்தது, யாரை யார் அந்நியரென்று தேடித் திரிந்தார்கள் என்பதை நாம் சொல்ல வேண்டியதில்லை. எல்ற்றனுக்கும் அதற்கும் ஒரு தொடர்புமில்லை. ஆனால் சொற்கள் ஓரிடத்தில் நிற்பவை அல்ல. 1942 இல், நாஜிகளின் ஜெர்மனியில், தாவரவியலாளர் சிலர் மத்திய ஆசியாவிலிருந்து வந்த சிறுபூக் காசித்தும்பை ஒன்றை ஒழிக்க அறைகூவல் விடுத்தபோது, அப்போரைப் போல்சுவிசத்துக்கு எதிரான போரோடு ஒப்பிட்டு எழுதினார்கள். ஒரு பூச்செடியிடம் அவ்வளவு வெறி! அச்செடியிலிருந்து மனிதர்க்கு வெகுதூரம் இல்லை என்பதை உலகம் கண்டது. நம் மாவட்டத்திலும் கண்டோம். 2018 பெப்ரவரியில், உணவில் மலட்டு மருந்து கலக்கிறார்கள் என்ற பொய்யொன்றைக் கிளப்பி அம்பாறை நகரிலே உணவுக்கடையையும் பள்ளிவாசலையும் தாக்கினார்கள். ஒரு சமூகம் பெருகுகிறது, மற்றதை விழுங்கப்போகிறது என்ற பேச்சே அந்தப் பொய்க்கு உரமிட்டது. களையைப் பற்றிப் பேசும் பேச்சும் அதுவும் ஓசையிலே ஒன்றாக இருப்பதை எப்படிக் கேளாதவர்போல் இருப்பது?

ஆகவே களை என்பதற்கு நாம் வேறு இலக்கணம் வேண்டுகிறோம். பிறந்த இடம் களையின் இலக்கணமன்று. மிளகாயும், மரவள்ளியும், கஜுவும், கொய்யாவும் அமெரிக்காவிலிருந்து வந்தவை. அவற்றை நாடுகடத்தினால் நம் சட்டியிலும் தோட்டத்திலும் என்ன மிஞ்சும்? மாறாக, நம் நாட்டின் பெருமையென நாம் கொண்டாடும் கறுவாவைப் பாருங்கள். 1772 இல் அது சீஷெல்ஸ் தீவுகளுக்குக் கொண்டுபோகப்பட்டது. மலைச்சாரல்களை வளைத்துக்கொண்டது. அத்தீவின் பழைய மரங்கள் சில இன்று ஒதுங்கி வாழ்வது எங்கே தெரியுமா? பாறைக்குன்றுகளின் மேல். மெடுசாஜைன் என்றொரு மரம் உலகிலே வேறெங்கும் இல்லை. முற்றாக அழிந்ததென்றே கருதப்பட்டு 1970 இல் மறுபடி கண்டெடுக்கப்பட்டது. மஹே தீவின் கற்குன்றுகளிலே விரல்விட்டு எண்ணத்தக்க மரங்களாக மூச்சுப் பிடித்து நிற்கிறது. அங்கே நம் கறுவாதான் களை. நீர்கொழும்பிலே செல்வம், மஹேயிலே களை. குற்றம் கறுவாவின் குலத்திலா இருக்கிறது? கொண்டுபோய்க் காட்டை அழித்து நட்ட வணிகத்தில் இருக்கிறது. எந்தச் செடி எந்த இடத்தில் எதனை நெரிக்கிறது, யார் அதற்கு வழி திறந்தார் என்பதே கேள்வி. பிறப்புச் சான்றிதழைக் கேட்பது பொலிஸ்காரன் வேலை.

இந்த நாட்டு அரசுகளுக்குக் களையைப் பற்றிய கவலை இல்லாமலும் இல்லை. ஆகாயத்தாமரைக்கு எதிராக 1909 இலேயே தனிச்சட்டம் இயற்றினார்கள். 1939 இல் கொழும்புக்கு வந்த சல்வீனியா வாய்க்கால்களையும் வயல்களையும் மூடியபோது, 1986 இல் அதனைத் தின்னும் சிறு வண்டைக் கொண்டுவந்து விட்டு வெற்றி கண்டார்கள். அதற்கும் முன்பு, கள்ளிக்கதை ஒன்று உண்டு. கிழக்கிந்தியக் கம்பனி சிவப்புச் சாயத்துக்கு ஆசைப்பட்டு 1795 இல் பிரேசிலிலிருந்து ஒரு பூச்சியைக் கல்கத்தாவுக்குக் கொணர்ந்தது. வந்தது சாயத்துக்குரிய நற்பூச்சியன்று, அதன் ஒன்றுவிட்ட சகோதரன். நல்ல சாயம் கிடைக்கவில்லை. ஆனால் அது சப்பாத்திக்கள்ளியைத் தின்று தீர்த்தது. 1860களில் அதனை இந்தியாவிலிருந்து இலங்கைக்குக் கொண்டுவந்து இங்குள்ள கள்ளியின் மேல் விட்டார்கள். களையை அடக்கும் பூச்சியொன்று ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டுக்கு இந்நோக்கத்துக்காகவே அனுப்பப்பட்டு வெற்றி பெற்ற முதல் நிகழ்ச்சி அதுவென்பர். சாயம் தோய்க்கும் ஊரார்க்கு இது சுவையான செய்தி என்பதால் சற்று நீட்டிவிட்டோம். நாம் சொல்ல வந்தது இதுதான்: வயலும் வாய்க்காலும் மேய்ச்சலும் ஆபத்துக்குள்ளானால் சட்டம் எழும், வண்டு வரும், பணம் வரும். பாறைக்கு அவ்விதம் எழுந்தவர் எவர்? வரி செலுத்தாத, வாக்குப் போடாத நிலம் அது.

பாறைக்காக நம்மவர் போராடவே இல்லை என்றும் சொல்ல முடியாது. போராடுகிறார்கள், வேறு காரணத்துக்கு. 2016 இல் இறக்காமத்துக்கு அருகே மாணிக்கமடு மாயக்கல்லி மலையில் சிலை வைக்கப்பட்டபோது நாடு முழுதும் பேச்சாயிற்று. பலங்கொடைக்கு அப்பால் கூரகலப் பாறையிலுள்ள ஜெய்லானி பற்றிய வழக்கோ பல பதிற்றாண்டு பழமையானது. தங்கள் மலை பறிபோகுமென்று அஞ்சுபவனின் அச்சத்தை நாம் சிறிதாக எண்ணவில்லை. சிறுபான்மையினனின் காணி எப்படிப் பறிபோகிறது என்பதை இவ்வட்டாரம் நன்கறியும். ஆனால் குன்றின்மேல் யாருடைய சின்னம் நிற்பது என்று மூன்று சமூகங்களும் மல்லுக்கு நிற்கையில், குன்றின் பின்புறத்திலே ஓசையில்லாமல் கொந்தராத்துக்காரன் துளையிட்டுக்கொண்டிருக்கக் கூடுமல்லவா? அவன் எல்லாச் சமூகத்திலும் இருக்கிறான். எல்லாக் கட்சிக்கும் நன்கொடை கொடுக்கிறான். உகந்தைச் சுனையில் நீராடும் அடியவரும், இராஜகலவின் படியேறும் பக்தரும், ஜெய்லானிக்குச் சென்ற யாத்திரிகரும் ஒரே கோரைப்பாயின்மேல் நடந்தவர்கள்தாம். அந்தக் கோரைக்கு இவர்களுள் வேற்றுமை தெரியாது.

என்ன செய்யலாம் என்று கேட்பவர்க்குச் சொல்கிறோம். கல்லே உடைக்கக்கூடாது என்பது நம் வாதமன்று. 1992 ஆம் ஆண்டின் சுரங்க, கனியச் சட்டத்தின்படி உரிமம் இல்லாமல் கல்லுடைக்க முடியாது. அந்த உரிமத்தைக் கொடுக்குமுன், அக்குன்றில் எது முளைத்திருக்கிறது என்ற பட்டியல், மழைக்காலத்தில் எடுத்த பட்டியல், மேசைமேல் இருக்கவேண்டும். கோடையிலே போய்ப் பார்த்துவிட்டு ‘ஒன்றுமில்லை’ என்று எழுதுவது மோசடி. ஏற்கெனவே உடைந்த குன்றை முடித்த பின்னரே புதுக்குன்றைத் தொடலாம் என்று விதிக்கவேண்டும். பட்டியலை யார் எடுப்பது? ஒலுவிலில் தென்கிழக்குப் பல்கலைக்கழகம் இருக்கிறது. நம் பாடசாலைகளில் தாவரவியல் படித்த ஆசிரியர் இருக்கிறார்கள். ஹென்றி ட்றைமன் 1893 முதல் வெளியிட்ட இலங்கைத் தாவரநூலில் செடிகளின் சிங்களப் பெயரோடு தமிழ்ப் பெயரையும் தேடித் தேடிப் பதிந்தார். நூல் முடியுமுன்னே 1896 இல் இறந்தார், மிகுதியை ஹூக்கர் முடித்தார். அந்நியராகிய அவர்கள் கேட்டறிந்த பெயர்களை நம் பிள்ளைகள் இன்று பட்டிக்காரரிடமும் பரிகாரிமாரிடமும் கேட்காவிட்டால், இன்னும் பத்தாண்டில் கேட்க ஆளிராது.

களையெடுப்புக்கும் முறை உண்டு. 1960களில் அவுஸ்திரேலியாவின் சிட்னி நகரில் ஜோன் பிராட்லி, ஐலீன் பிராட்லி என்ற சகோதரிகள் கைவேலையாகவே ஒரு முறையைக் கண்டார்கள். களை மண்டிய இடத்தில் தொடங்காதே. நல்ல செடிகள் நிறைந்த இடத்தில் தொடங்கு. அங்குள்ள ஓரிரு களையைப் பிடுங்கி, மண்ணைக் கலைக்காமல் விட்டு, நல்ல செடி தானே பரவும் வேகத்துக்கு மேல் நீ விரையாதே என்பது அதன் சாரம். புல்டோசரை அழைத்துப் பழகிய நம் திணைக்களங்களுக்கு இது விளங்குவது கடினம். கிராமத்துப் பெண்களுக்கு உடனே விளங்கும். வயலில் அவர்கள் செய்துவரும் வேலைக்கு இது தூரமானதன்று. அவர்களுக்கு நியாயமான நாட்கூலி கொடுத்து இதைச் செய்விக்கலாம். கினிப்புல்லைக் கச்சானிலே தொட்டால் அடிக்கட்டை நின்றுவிடும், கதிர் உதிரும். ஐப்பசியில் மழை விழுந்து மண் நெகிழ்ந்த பின், கதிர் தள்ளுமுன், வேரோடு எடுக்கவேண்டும். எடுத்ததைப் பாறைமேல் குவிக்காமல் கீழே கொண்டுவந்து மாட்டுக்குப் போடலாம். தீவனத்துக்கென்றுதானே அது இந்நாட்டுக்கு வந்தது.